கார் ரிமோட் சாவியில் பேட்டரி தீர்ந்தால், உண்மையில் எது தீர்கிறது?

"ரிமோட் பேட்டரியை நாமே மாத்தலாமா? மாத்தினா கோடிங் போயிடுமா?" நண்பர்கள் வட்டத்தில் அடிக்கடி வரும் கேள்வி இது. ஒரு சர்வீஸ் சென்டரில் என்னிடமே, "பேட்டரியை வெளிய எடுத்தா சாவி காரை மறந்துடும் சார், மறுபடி ப்ரோக்ராம் பண்ணணும்" என்று சொல்லி, அதற்குத் தனியாக ஒரு தொகையும் எஸ்டிமேட்டில் போட்டிருந்தார்கள். மென்பொருள் எழுதிப் பிழைப்பவனுக்கு இந்த மாதிரி வாக்கியம் உறுத்தும். பேட்டரி போனால் மறந்துபோகிற இடத்தில் ஒரு ரகசியக் குறியீட்டை யாராவது வைப்பார்களா? அந்த உறுத்தலில் தேடிப் படித்து எடுத்த குறிப்புகள்தான் இவை.

சுருக்கமான பதில்: பெரும்பாலான கார்களில் நாமே மாற்றலாம், எதுவும் மறந்துபோகாது. ஆனால் ஏன் என்று தெரிந்துகொண்டு மாற்றினால் நடுரோட்டில் நிற்க வேண்டியிருக்காது, தேவையில்லாமல் பணமும் போகாது. கழற்றிய பழைய பேட்டரியை என்ன செய்வது என்பதும் புரியும். அதுதான் இதில் முக்கியமான விஷயம் என்று நினைக்கிறேன், கடைசியில் வருகிறேன்.

ஒரு கூட்டுக்குள் மூன்று கருவிகள்

கார் சாவியை ஒரே பொருளாகத்தான் நாம் பார்க்கிறோம். உள்ளே ஒன்றுக்கொன்று அதிகம் சம்பந்தமில்லாத மூன்று சமாச்சாரங்கள் இருக்கின்றன.

முதலாவது, இரும்புச் சாவி. மடக்குச் சாவியில் வெளியே தெரியும். பட்டன் ஸ்டார்ட் கார்களின் ஸ்மார்ட் சாவியில் உள்ளே ஒளிந்திருக்கும். சின்ன லாட்ச் ஒன்றைத் தள்ளி இழுத்தால் வரும். இதற்கு மின்சாரம் வேண்டாம்.

இரண்டாவது, இம்மொபிலைசர் சிப். சாவியின் வடிவம் பொருந்தினால் மட்டும் போதாது, இந்தச் சிப்பும் சரியான பதிலைச் சொன்னால்தான் எஞ்சின் கிளம்பும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998 அக்டோபர் முதல் புதிய கார்களுக்கு இது கட்டாயமானது. இதற்கும் பேட்டரி வேண்டாம் என்பதுதான் பலருக்கும் தெரியாத விஷயம். மெட்ரோ ரயில் அட்டையைக் கதவில் காட்டுகிறோமே, அதில் பேட்டரியா இருக்கிறது? கதவிலிருக்கும் கம்பிச்சுருள் உண்டாக்கும் காந்தப்புலத்திலிருந்து அட்டை தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது. அலைவரிசை வேறு, தத்துவம் அதேதான். காரில் இக்னிஷன் துவாரத்தைச் சுற்றியோ ஸ்டார்ட் பட்டனுக்குப் பின்னாலோ ஒரு சுருள் இருக்கும். அது பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்யும். சிப் அதிலிருந்தே உயிர் பெற்று, கார் கேட்கும் கேள்விக்குக் கணக்குப் போட்டுப் பதில் சொல்லும்.

மூன்றாவது, ரிமோட். லாக், அன்லாக் பட்டன்கள், ஒரு சின்ன ரேடியோ டிரான்ஸ்மிட்டர். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் பொதுவாக 433.92 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பொதுவாக 315 மெகாஹெர்ட்ஸ். 1982இல் ரெனோ நிறுவனம் ஃப்யூகோ காரில் கொண்டுவந்த ரிமோட்தான் இந்த வகையின் முன்னோடி. பால் லிப்ஷுட்ஸ் என்பவரின் கண்டுபிடிப்பு. அவர் பெயரின் முதலெழுத்துகளிலிருந்து வந்த 'ப்ளிப்' என்ற சொல்லைத்தான் பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் கார் ரிமோட்டுக்குச் சொல்கிறார்கள்.

இந்த மூன்றில் பேட்டரியை நம்பியிருப்பது மூன்றாவது மட்டும்தான். பேட்டரி தீர்ந்தால் கதவைத் தூரத்திலிருந்து திறக்க முடியாது, அவ்வளவுதான். கதவைத் திறக்க இரும்புச் சாவி இருக்கிறது, வண்டியைக் கிளப்ப சிப் இருக்கிறது.

சாவி ஏன் மறப்பதில்லை?

ரிமோட் ஒவ்வொரு முறையும் ஒரே குறியீட்டை அனுப்பினால், பக்கத்தில் நிற்பவன் அதைப் பதிவு செய்து பிறகு ஒலிபரப்பிக் கதவைத் திறந்துவிடுவான். அதனால்தான் 'ரோலிங் கோட்' வந்தது. வங்கி ஓடிபி மாதிரி, ஒரு முறை பயன்பட்டது மறுமுறை செல்லாது.

இதில் அதிகம் ஆராயப்பட்டது கீலாக் என்ற முறை. 1980களில் தென்னாப்பிரிக்காவில் உருவாகி, 1995இல் மைக்ரோசிப் நிறுவனத்தின் கைக்கு வந்தது. சாவிக்குள் 16 பிட் எண்ணி ஒன்று இருக்கும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒன்று கூடும். அந்த எண்ணை 64 பிட் ரகசியச் சாவியால் மறையாக்கம் செய்து அனுப்புவார்கள். கார் அதைப் பிரித்து, "நான் கடைசியாகப் பார்த்த எண்ணுக்கு இது அடுத்ததா?" என்று பார்க்கும்.

கார் பக்கத்தில் இல்லாதபோது சட்டைப் பையில் பட்டன் அமுங்கிவிட்டால்? அதற்கும் ஏற்பாடு உண்டு. கீலாக்கில் எண் 16 வரை முன்னால் போயிருந்தால் கார் உடனே ஏற்றுக்கொள்ளும். அதைத் தாண்டி, சுமார் 32,000 வரை போயிருந்தால் முதல் அழுத்தலை ஒதுக்கிவிட்டு, அடுத்தடுத்து இரண்டு எண்கள் சரியாக வந்தால் ஏற்றுக்கொள்ளும். வீட்டில் குழந்தை ரிமோட்டை வைத்து நூறு தடவை விளையாடிவிட்டது, மறுநாள் முதல் அழுத்தலுக்குக் கார் அசையவில்லை, இரண்டாவதுக்குத் திறந்தது என்றால் அதன் காரணம் இதுதான். மற்ற முறைகளில் எண்கள் மாறும், யோசனை ஏறக்குறைய இதே.

இப்போது விஷயத்துக்கு வருவோம். அந்த ரகசியச் சாவியும் எண்ணியும் இருப்பது ஈஈப்ராம் என்ற நினைவகத்தில். பென் டிரைவைக் கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கி வைத்தால் ஃபைல்கள் அழிந்தா போகின்றன? அதே கதைதான். பேட்டரியைக் கழற்றி ஒரு மாதம் கழித்துப் போட்டாலும் எண்ணி விட்ட இடத்திலேயே இருக்கும். பேட்டரி மாற்றிய பின் ஒரு சின்ன மறு இணைப்பு கேட்கும் சில கார்களும் இருக்கத்தான் செய்கின்றன. அப்படியானால் ஓனர்ஸ் மேனுவலில் எழுதியிருப்பார்கள். பெரும்பாலும் சாவியைப் போட்டுத் திருப்பி ஒரு பட்டனை அழுத்துவதோடு முடிந்துவிடும்.

பேட்டரியைக் குடிப்பது யார்?

சிஆர்2032 என்ற பெயரிலேயே விவரம் இருக்கிறது. சி என்பது லித்தியம், மாங்கனீசு டைஆக்சைடு வேதியியலைக் குறிக்கும். ஆர் என்றால் வட்டம். 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். சிஆர்2025 என்றால் அதே விட்டம், 2.5 மில்லிமீட்டர் தடிமன். சிஆர்1620 என்றால் 16 மில்லிமீட்டர் விட்டம், 2 மில்லிமீட்டர் தடிமன். எல்லாமே 3 வோல்ட்தான். கொள்ளளவு மட்டும் மாறும். 2032இல் ஏறக்குறைய 220 மில்லி ஆம்பியர்-மணி.

ஒரு கணக்குப் போடுவோம். பட்டனை அழுத்தினால் ரிமோட் 10 மில்லி ஆம்பியர் எடுக்கிறது, அரை நொடி நீடிக்கிறது, ஒரு நாளைக்கு 20 தடவை அழுத்துகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளொன்றுக்குச் செலவு 0.028 மில்லி ஆம்பியர்-மணி. இந்த வேகத்தில் 220ஐத் தீர்க்க 21 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்! ஆக, பட்டனை அழுத்தி அழுத்தி யாரும் பேட்டரியைத் தீர்ப்பதில்லை.

ஸ்மார்ட் சாவியில் கதையே வேறு. பையில் வைத்துக்கொண்டே கைப்பிடியைத் தொட்டால் கதவு திறக்க வேண்டுமென்றால், "யாராவது கூப்பிடுகிறார்களா?" என்று சாவி 24 மணி நேரமும் காதைத் தீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதற்கு 5 மைக்ரோ ஆம்பியர்தான் ஆகிறது என்று வைத்தாலும், 220 மில்லி ஆம்பியர்-மணி 44,000 மணி நேரத்தில், அதாவது 5 ஆண்டில் காலி. 10 மைக்ரோ ஆம்பியர் என்றால் இரண்டரை ஆண்டு. இதோடு கார் பக்கத்திலேயே சாவி கிடந்தால் அடிக்கடி விழித்துப் பதில் சொல்லும். டிவி, லேப்டாப், செல்போன் சார்ஜர் பக்கத்தில் வைத்தாலும் அந்த இரைச்சலைக் கேட்டு விழிக்கும். டொயோட்டா மேனுவலில் ஸ்மார்ட் சாவி பேட்டரிக்கு ஓரிரு ஆண்டுதான் ஆயுள் என்று போட்டு, இந்தச் சாதனங்களிலிருந்து தள்ளி வைக்கச் சொல்வது இதனால்தான்.

காது கொடுத்துக்கொண்டே இருப்பதில் இன்னொரு சங்கடமும் உண்டு. 2011இல் சூரிக் ஈடிஎச் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், வீட்டுக்குள் இருக்கும் சாவிக்கும் வெளியே நிற்கும் காருக்கும் இடையில் சிக்னலை நீட்டித்துக் கொடுத்தாலே காரைத் திறந்து ஓட்டிவிடலாம் என்று காட்டினார்கள். 8 நிறுவனங்களின் 10 மாடல்களில் சோதித்தார்கள். பல டொயோட்டா சாவிகளில் லாக் பட்டனைப் பிடித்துக்கொண்டே அன்லாக்கை இரண்டு முறை அழுத்தினால் விளக்கு நான்கு தடவை மின்னிவிட்டு, சாவி காதை மூடிக்கொள்ளும். பேட்டரியும் மிச்சம், திருடனுக்கும் வழியில்லை. ஊருக்குப் போகும்போது வீட்டில் விட்டுச்செல்லும் சாவிக்கு இது நல்ல ஏற்பாடு. திரும்பி வந்து ஏதாவது ஒரு பட்டனை அழுத்தினால் பழைய நிலைக்கு வந்துவிடும்.

மீட்டர் 2.9 காட்டுது, ரிமோட் வேலை செய்யலையே?

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரு நாள் இதில் குழம்புவார்கள். லித்தியம் செல்லின் வோல்ட்டேஜ் தன் ஆயுளின் பெரும்பகுதிக்கு 3 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். கடைசியில்தான் சடாரென்று விழும். அதற்கு முன்பே வேறொன்று கூடிக்கொண்டே போகும், அதுதான் உள்மின்தடை.

புதிய செல்லில் அது சுமார் 15 ஓம் என்று வைத்தால், ரிமோட் 10 மில்லி ஆம்பியர் இழுக்கும்போது உள்ளேயே 0.15 வோல்ட் போகும், பரவாயில்லை. பழைய செல்லில் அது 100 ஓம் ஆகிவிட்டால்? உள்ளேயே 1 வோல்ட் போய்விடும். 2.9 என்று மீட்டர் காட்டிய செல், பட்டனை அழுத்திய அந்த நொடியில் 1.9 வோல்ட்தான் கொடுக்கும். சிப் அந்த இடத்தில் படுத்துவிடும். மீட்டர் கிட்டத்தட்ட எதையுமே இழுக்காமல் அளக்கிறது, அதனால் அதற்கு இது தெரியாது. குளிரில் உள்மின்தடை இன்னும் ஏறும். ஊட்டியில் ஜனவரி காலையில் திறக்காத ரிமோட் மதியம் வெயிலில் திறப்பதும் இதனால்தான்.

சரியாகச் சோதிக்க வேண்டுமானால் செல்லின் இரு முனைகளுக்கும் குறுக்கே 330 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை ஓரிரு நொடி வைத்து அளந்து பாருங்கள். நல்ல செல் 3 வோல்ட் பக்கம் காட்டும். 2.5க்குக் கீழே போனால் மாற்றிவிடலாம். மீட்டரே இல்லாதவர்களுக்கு அறிகுறி: முன்பு 20 அடியில் திறந்த கார் இப்போது 5 அடியில்தான் திறக்கிறது.

மாற்றும் முறை

1. எண்ணைப் பாருங்கள். மேனுவலிலோ பழைய செல்லின் மேலோ இருக்கும். 2032க்குப் பதில் 2025 போட்டால் வோல்ட்டேஜ் சரிதான், ஆனால் 0.7 மில்லிமீட்டர் இடைவெளி விழும். இன்று வேலை செய்யும், குலுங்கினால் நாளை செய்யாது. எல்ஐஆர்2032 என்று ரீசார்ஜ் செல் ஒன்று விற்கிறார்கள், அது முழு சார்ஜில் 4.2 வோல்ட். 3 வோல்ட் சர்க்யூட்டில் அதைப் போடாதீர்கள்.

2. அட்டையில் சீல் செய்த நல்ல பிராண்ட் செல்லாக வாங்குங்கள். புதியது என்றால் மீட்டரில் 3.2 வோல்ட் பக்கம் காட்டும். குழந்தைகள் விழுங்காமலிருக்கச் சில செல்களில் கசப்புப் பூச்சு பூசியிருப்பார்கள். அந்தப் பூச்சு சில கருவிகளில் தொடுமுனையை மறைத்துவிடும். புது செல் போட்டும் உயிர் வரவில்லை என்றால் செல்லைச் சற்றுத் திருப்பி வைத்துப் பாருங்கள்.

3. இரும்புச் சாவியை முதலில் வெளியே எடுங்கள். அது இருந்த இடத்தில் ஒரு பிளவு தெரியும். ஸ்க்ரூடிரைவர் முனையில் துணி சுற்றி அங்கே வைத்து மெதுவாகத் திருகினால் கூடு பிளக்கும். முட்டுக்கட்டையாக ஏதாவது இருந்தால் நிறுத்திவிட்டு, மறைவாக ஒரு ஸ்க்ரூ இருக்கிறதா என்று தேடுங்கள். கத்தி வேண்டாம்.

4. வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் வைத்துத் திறங்கள். சில மடக்குச் சாவிகளில் அந்த இம்மொபிலைசர் சிப் சர்க்யூட் போர்டில் இருக்காது. அரிசி மணி போன்ற கண்ணாடிக் குழலாகவோ சின்னக் கறுப்பு ஆப்பாகவோ பிளாஸ்டிக் கூட்டில் தனியாகச் செருகியிருக்கும். அது கீழே விழுந்து தொலைந்தால் வண்டி கிளம்பாது. இந்த வேலையில் உண்மையில் நஷ்டம் வரக்கூடிய இடம் இது ஒன்றுதான். கடைக்காரர்கள் மேல்கூட்டை மாற்றும்போதும் இதைப் பழைய கூட்டிலேயே விட்டுவிடுவதுண்டு.

5. பழைய செல் எந்தப் பக்கம் மேலே பார்க்கிறது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்து பொறித்த அகலமான பக்கமும் விளிம்பும் பாசிட்டிவ். உலோக இடுக்கியால் பிடித்தால் இரண்டு முனைகளும் ஷார்ட் ஆகும், பிளாஸ்டிக் குச்சியால் நெம்புங்கள். தொடுமுனைத் தகட்டை வளைக்காதீர்கள்.

6. மூடுவதற்கு முன் ரப்பர் பட்டன் ஷீட் சரியாக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். 'க்ளிக்' சத்தம் சுற்றிலும் கேட்க வேண்டும். இல்லையென்றால் மழையில் தண்ணீர் இறங்கும்.

வழியில் நின்றுவிட்டால்

டோ வண்டியைக் கூப்பிட வேண்டாம். இரும்புச் சாவியால் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறங்கள். துவாரமே தெரியவில்லை என்றால் கைப்பிடியின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடிக்குள் ஒளிந்திருக்கும். அலாரம் அடிக்கலாம், பதற வேண்டாம். கார் சிப்பை அடையாளம் கண்டதும் நின்றுவிடும்.

சாவி போட்டுத் திருப்பும் கார் என்றால் வழக்கம்போல் திருப்புங்கள், கிளம்பும். பட்டன் ஸ்டார்ட் என்றால், பிரேக்கை மிதித்துக்கொண்டு சாவியையே பட்டனோடு ஒட்ட வைக்க வேண்டும். ஹூண்டாயில் சாவியாலேயே பட்டனை நேராக அழுத்தச் சொல்கிறார்கள். டொயோட்டாவில் லோகோ இருக்கும் பக்கத்தைப் பட்டனில் தொட்டுவிட்டு, பிறகு பட்டனை அழுத்த வேண்டும். வேறு சில கார்களில் ஸ்டியரிங் கம்பத்தின் பக்கவாட்டிலோ கப் ஹோல்டர் அடியிலோ அதற்கென்று ஓர் இடம் உண்டு. உங்கள் காரில் அது எங்கே என்று இன்றே மேனுவலில் பார்த்து, வீட்டில் வண்டி ஓட்டும் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். செல்லைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு முறை பழகிப் பார்த்தால் இன்னும் நல்லது.

பழைய செல்: இது தீரவே இல்லை

மேலே பார்த்த கணக்கை இப்போது திருப்பிப் பாருங்கள். ரிமோட்டுக்கு உதவாது என்று நாம் கழற்றிய செல்லில் இன்னும் 2.5, 2.9 வோல்ட் இருக்கிறது. தண்ணீரை மின்னாற்பகுப்பு செய்யத் தேவையான குறைந்தபட்ச மின்னழுத்தம் 1.23 வோல்ட்தான்.

குழந்தை ஒன்று இதை விழுங்கினால், 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள செல் உணவுக்குழாயில் மாட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம். ஈரமான சதை சர்க்யூட்டைப் பூர்த்தி செய்யும். நெகட்டிவ் பக்கத்தில் காஸ்டிக் சோடா மாதிரியான காரம் உருவாகித் திசுவை அரிக்கத் தொடங்கும். 2 மணி நேரத்திலேயே கடுமையான புண் ஏற்படலாம். உயிர்ச்சேதமும் நடந்திருக்கிறது. செல் உடைய வேண்டியதில்லை, கசிய வேண்டியதில்லை. நம் பார்வையில் அது செத்த பேட்டரி, சதையை அரிக்க அதில் மிச்சமிருக்கும் மின்சாரமே போதும். பொம்மைகளில் பேட்டரி மூடிக்கு ஸ்க்ரூ வைத்திருப்பார்கள். பல கார் சாவிகள் நகத்தாலேயே திறந்துகொள்ளும். அதைத்தான் அழும் குழந்தை கையில் விளையாடக் கொடுக்கிறோம்.

விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே நேராக எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு ஓடுங்கள், அல்லது 108ஐக் கூப்பிடுங்கள். இருமல், எச்சில் ஒழுகுதல் மட்டும் இருக்கலாம், அறிகுறியே இல்லாமலும் இருக்கலாம். காத்திருந்து பார்க்கக் கூடாது. வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. அமெரிக்காவின் நேஷனல் கேபிடல் பாய்சன் சென்டரின் வழிகாட்டுதலில் ஒன்று மட்டும் வீட்டிலேயே செய்யக்கூடியது: குழந்தைக்கு ஒரு வயது முடிந்திருந்து, விழுங்கி 12 மணி நேரத்துக்குள் இருந்து, விழுங்கவும் முடிந்தால், போகும் வழியில் 10 நிமிடத்துக்கு ஒரு முறை 2 டீஸ்பூன் தேன் கொடுக்கலாம், அதிகபட்சம் 6 முறை. தேன் செல்லின் மேல் படிந்து அரிப்பைத் தாமதப்படுத்தும். வேறு எதுவும் கொடுக்கக் கூடாது. தேன் தேடி ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கவும் கூடாது.

அதனால் சாவியிலிருந்து செல்லைக் கழற்றியதும் அதை மேசை மேல் வைக்காதீர்கள். இரண்டு பக்கமும் செலோடேப் ஒட்டுங்கள். ஒட்டாமல் டப்பாவில் சேர்த்துவைத்த செல்கள் ஒன்றையொன்று தொட்டு ஷார்ட் ஆகிச் சூடாகும். குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் வைத்து, மின்கழிவு வாங்குபவர்களிடம் கொடுத்துவிடுங்கள். 2022ஆம் ஆண்டின் பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள் இந்தச் சின்ன செல்களையும் சேர்த்துத்தான் பேசுகின்றன, திரும்பச் சேகரிக்கும் பொறுப்பை உற்பத்தியாளர்கள் மேல் வைத்திருக்கின்றன.

புது செல்லின் மீதி ஸ்ட்ரிப்பை எங்கே வைப்பது என்பதையும் அப்போதே முடிவு செய்துவிடுங்கள். பூட்டுள்ள டிராயர் இருந்தால் அதில்.